ஏலத்திற்கு வரும் பழைய கடிகாரம்



2009ஆம் ஆண்டு மார்ச் மாதம் 5ஆம் நாள் நியூயார்க் நகரில் ஓர் ஏலம் நடந்தது. காந்தியடிகள் பயன்படுத்திய ஜெனித் சட்டைப்பைக் கடிகாரம், அவருடைய மூக்குக்கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டு ஆகியவற்றோடு அங்கே வந்தது. தொழிலதிபர் விஜய் மல்லையா 18 இலட்சம் அமெரிக்க டாலருக்கு அவற்றை எடுத்தார். இந்தப் பணம் கடிகாரத்தின் உலோகத்துக்கா? இல்லை. அதை வைத்திருந்த மனிதருக்காக.

ஏலத்தின் முதல் பாடம் இதுதான். வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் ஒரு கடிகாரம் விலை பெறுவதில்லை. யார் செய்தது, எத்தனை செய்தார்கள், கெடாமல் இருக்கிறதா, யார் கையில் இருந்தது என்று நான்கையும் பார்த்தே விலை ஏறுகிறது.

‘தோட்டத்தில் இருக்கும் நமக்கு இதெல்லாம் எதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். குளுவாங், சிகாமட், ஜொகூர் பாரு பட்டணங்களில் அடகுக்கடைகள் இருக்கின்றன. மீட்கப்படாத பொருள்கள் ஏலத்திற்குப் போகின்றன. நகையோடு கடிகாரமும் போகும். பெரிய பெயரைக் கேட்டதும் நம் பிள்ளைகள் சம்பளப் பணத்தோடு கிளம்பிவிடுகிறார்கள்.

போகலாம், ஆனால் பார்த்து வாங்க வேண்டும். முகப்பில் உள்ள எழுத்து தடித்து, கோணலாக இருந்தால், அது மறுபடி சாயம் பூசப்பட்டதாக இருக்கலாம். வெளியே ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும். உள்ளே வேறொன்றின் எந்திரம் ஓடும். பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கடிகாரம் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். திறக்க மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

கூவிய விலையோடு செலவு முடிந்துவிடாது. 800 ரிங்கிட்டுக்கு எடுத்ததாக வைத்துக்கொள்வோம். ஏலக் கட்டணம் நூற்றுக்கு 20 என்றால் 160. துடைத்து எண்ணெய் போட 250. ஆகமொத்தம் 1,210 ரிங்கிட். ஆகவே, வீட்டிலேயே ஓர் எல்லையைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பக்கத்தில் நிற்பவர் கூவுகிறார் என்று ரோஷப்பட்டு அந்த எல்லையைத் தாண்டாதீர்கள்.

வாங்குவதைப் பற்றிச் சொன்னோம். இழப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ஏலத்தில் கிடப்பது யாருடைய கடிகாரம்? பால்மரம் வெட்டிய ஒரு தாத்தா, சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியதாக இருக்கலாம். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் அது அடகுக்குப் போயிருக்கும். அடகுச் சீட்டு எங்கேயோ தவறியிருக்கும்.

1972ஆம் ஆண்டின் அடகுக்காரர் சட்டப்படி, மாதத்துக்கு நூற்றுக்கு 2க்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. மீட்க ஆறு மாதத் தவணை உண்டு. 500 ரிங்கிட் வாங்கினால், ஆறு மாதத்துக்கு வட்டி 60 ரிங்கிட். அந்த 60 ரிங்கிட்டை ஒதுக்கத் தவறியதால் பரம்பரைப் பொருளைப் பறிகொடுத்தவர்கள் நம்மிடையே உண்டு. பொருள் ஏலம் போன பிறகும், கடனும் வட்டியும் போக மிச்சம் இருந்தால் அது அடகு வைத்தவருக்கே சேரும். அதைக் கேட்டு வாங்கவும் சீட்டு வேண்டும்.

காந்தியடிகளின் கடிகாரத்துக்கு உலகம் விலை வைத்தது. நம் தாத்தாவின் கடிகாரத்துக்கு நாம்தான் மதிப்பு வைக்க வேண்டும். வீட்டில் அடகுச் சீட்டு இருந்தால், இன்றிரவே தேடி எடுத்து, தவணை முடியும் நாளைச் சுவர் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.