ஈயமும் நம் பிள்ளைகளும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு சொம்பைப் பற்றி. சிரிக்க வேண்டாம். நம் வீடுகளில் இரசம் வைக்கிறோமே, அந்த ஈயச் சொம்பைப் பற்றித்தான்.

ஈயம் என்று நாம் ஒரே பெயரால் சொல்லுவது உண்மையில் இரண்டு பொருள்கள். ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். சொம்பு செய்வதும், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் வெள்ளீயத்தால் ஆகவேண்டிய காரியங்கள். அதனால் கெடுதலில்லை. காரீயமோ நஞ்சு. மீன் வலைக்குக் குண்டாகக் கட்டுவதும், மோட்டார் பாட்டரிக்குள் இருப்பதும் அதுதான். வெள்ளீயத்தின் விலை அதைப்போல் பத்துப் பங்குக்கு மேல். ஆகையால் இரண்டையும் கலந்தால் யாருக்கு லாபம் என்று நான் சொல்லவேண்டியதில்லை. கலந்த சொம்பும் பளபளவென்றுதான் இருக்கும். அதில் புளி கரைத்து ஊற்றினால், புளிப்பு காரீயத்தை அரித்து இரசத்தோடு சேர்த்துவிடும். மணமும் மாறாது, ருசியும் மாறாது.

“எங்கள் பாட்டி காலத்திலிருந்து இதில்தான் இரசம், யார் செத்தார்கள்?” என்று கேட்பார்கள். செத்து விழுந்தால்தான் நஞ்சென்று ஒப்புக்கொள்வோம் என்றால் காரீயம் ஒருநாளும் அகப்படாது. நம் உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்தென்று ஏமாந்து எலும்பில் சேர்த்துக்கொள்ளுகிறது. அங்கே 20, 30 வருஷங்கூடக் குடியிருக்கும். ஒரு பெண் கர்ப்பமாகிச் சிசுவுக்காக அவள் எலும்பு கரைகையில், அவள் சிறுமியாயிருந்தபோது உட்கொண்ட காரீயமும் கூடவே இறங்கிச் சிசுவுக்குப் போகிறது. வயிற்றுக்குள் போனதில் பெரியவர் உடம்பில் சேருவதைப்போல் நாலைந்து பங்கு சிறு குழந்தை உடம்பில் சேரும். சேர்ந்தது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், சோகையும் பிடிக்கும். படிக்காத பிள்ளையெல்லாம் காரீயம் தின்ற பிள்ளை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாடம் ஏறாத பிள்ளையைத் தலையெழுத்து என்கிறோம். வாத்தியார் மக்கு என்று பெஞ்சின்மேல் ஏற்றுகிறார். ஜாதகத்தைப் புரட்டுகிறோமே ஒழிய, ஒரு தடவையாவது இரத்தத்தைச் சோதித்தோமா? இவ்வளவுக்குள் இருந்தால் கெடுதலில்லை என்று சொல்லத்தக்க அளவே காரீயத்துக்கு அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம்.

பாட்டியை நம்பாதே என்பதால், படித்தவனைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பு என்று அர்த்தமாகாது. 1921-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் பெட்ரோலில் காரீயச் சரக்கைக் கலந்தால் மோட்டார் இஞ்சின் இடிக்காமல் ஓடும் என்று கண்டார். 1924-ல் நியூஜெர்சியில் அச்சரக்கைத் தயாரித்த தொழிலாளிகள் புத்தி பேதலித்தார்கள், சிலர் மாண்டார்கள். மிட்ஜ்லி பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, அதைத் தம் கையில் ஊற்றி, மோந்தும் காட்டி, ஆபத்தில்லை என்றார். முந்திய வருஷந்தான் அவரே காரீய நோய்க்காக ஓய்வெடுத்திருந்தார்! நம் நாட்டில் அந்தப் பெட்ரோலை 2000-ல்தான் நிறுத்தினார்கள்; உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021-ல் நின்றது.

தடுக்கவே முடியாதா என்றால், வங்காள தேசத்தைப் பாருங்கள். அங்கே 1980-களில் வெள்ளத்தில் நனைந்து நிறமிழந்த மஞ்சள் கிழங்குக்கு, காரீயமும் குரோமியமும் சேர்ந்த மஞ்சள் சாயத்தைத் தடவ ஆரம்பித்தார்கள். பளிச்சென்று இருந்ததால் ஜனங்களும் அதையே கேட்டு வாங்கினார்கள். கர்ப்பிணிகளின் இரத்தத்தில் காரீயம் எப்படி வந்தது என்று தேடிப்போன ஆராய்ச்சிக்காரர்கள் கடைசியில் மஞ்சளைப் பிடித்தார்கள். 2019-ல் சர்க்கார் டாக்கா மார்க்கெட்டில் சோதனை போட்டு, வியாபாரிகளுக்கு அபராதம் விதித்தது. அந்த வருஷம் கடை மஞ்சளில் 100-க்கு 47 மாதிரிகளில் காரீயம் இருந்தது. 2021-ல் ஒன்றிலும் இல்லை. யாரும் எந்தப் பரிகாரமும் செய்யவில்லை!

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: “வீட்டிலிருக்கும் சொம்பை எறிந்துவிடவா?” என்று. சொம்பின் விளிம்பால் வெள்ளைக் காகிதத்தில் அழுத்திக் கோடு போட்டுப் பாருங்கள். பென்சில்போல் கருங்கோடு விழுந்தால் அன்றோடு அதை நிறுத்திவிடுங்கள். விழாவிட்டால் சுத்தமென்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்சமாகக் கலந்தது கோடு போடாது. உலோகச் சோதனைக்கூடத்தில் கொடுத்து, முடிவை எழுத்து மூலம் கேளுங்கள். அதுவரை எவர்சில்வரில் இரசம் வையுங்கள். ருசி குறைகிறது என்று வீட்டில் சொல்லுவார்கள். என் வீட்டிலும் சொன்னார்கள்.