இப்போது என்ன வாசிக்கிறீர்கள்?

(நிவித்திகலையில் நடைபெற்ற நூற்றாண்டு நிறைவு ஒன்றுகூடலில், பழைய மாணவியர் சங்க வாசிப்புக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



கட்டடங்களைப் பற்றியும் பரீட்சைப் பெறுபேறுகளைப் பற்றியும் பேசத் தகுதியானவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். எங்கள் குழுவுக்குக் கிடைத்தது சின்ன வேலைதான். முகவரியோ தொலைபேசி இலக்கமோ கிடைத்த பழைய மாணவியர் எல்லோருக்கும் ஒரு கேள்வியை அனுப்பினோம். "நீங்கள் இப்போது என்ன புத்தகம் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்? பிடித்திருக்கிறதா?" உங்களுக்கு மிகவும் பிடித்த நூல் எது என்று நாங்கள் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் நாம் எல்லோரும் திருக்குறள் என்று எழுதி அனுப்பியிருப்போம்!

பதில்கள் எங்கிருந்தெல்லாமோ வந்தன. நாம் ஏன் இப்படிச் சிதறிப்போனோம் என்பதை இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் கப்பலேறிய குடும்பங்கள் உண்டு. 1977இலும் 1981இலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் நடந்தவற்றுக்குப் பிறகு, உடுத்த துணியோடு வவுனியாப் பக்கம் போனவர்கள் உண்டு. திருமணமாகியும் தொழில் தேடியும் வெளிநாடு போனவர்கள் உண்டு. இங்கேயே இருப்பவர்களும் உண்டு. எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான்.

கோத்தகிரியில் இருந்து ஓர் அக்கா எழுதினார். அவர் வாசிப்பது ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்'. 1963இல் வெளிவந்த நாவல்; நீலகிரிப் படுகர் மக்களின் மூன்று தலைமுறை வாழ்க்கை. "வந்து சேர்ந்த ஊரைத் தெரிந்துகொள்ள எனக்கு நாற்பது வருடம் பிந்திவிட்டது. இப்போதாவது பக்கத்து வீட்டாருடைய கதையை வாசிக்கிறேன்" என்பது அவர் பதில். இன்னொருவர் 'எரியும் பனிக்காடு' வாசிக்கிறார். வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழாக்கியது. கங்காணியின் முன்பணத்தைப் பற்றி வாசித்தபோது தம் பாட்டனாரின் குரல் கேட்டதாக எழுதியிருக்கிறார்.

ரொறொன்ரோவில் இருக்கும் ஒரு தங்கை கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யை மூன்றாவது தடவையாக வாசிக்கிறார். 1964இல் வந்த அந்த நாவலில் தோட்டத்துப் பெண்ணின் வாழ்க்கையை ஒரு பெண்ணே எழுதினார். அவரே அதை 'மிராஜ்' என்ற பெயரில் ஆங்கிலத்திலும் தந்தார். "மகளிடம் ஆங்கிலப் புத்தகம், என்னிடம் தமிழ்ப் புத்தகம். இருவரும் ஒரே அத்தியாயத்தை வாசித்துவிட்டு இரவில் பேசுகிறோம்" என்று அந்தத் தங்கை எழுதியதை எங்கள் குழுவில் எல்லோரும் சத்தமாக வாசித்துக் கேட்டோம்.

இங்கே பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த பதில் வேறு மாதிரி. "மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' வாசிக்கிறேன்." இறப்பர் தோட்டத்தில் மழை நாள் என்றால் சம்பளம் குறையும் நாள். அந்த நாளில் கையில் எடுத்த புத்தகத்துக்கு விலை அதிகம். ஒரு பெண் பறித்த கொழுந்தின் நிறையை மற்றவர்கள் சந்தேகிக்க, அவள் தன் உழைப்பை மெய்ப்பிக்கும் கதை அது. "கொழுந்துக்குப் பதில் பாலென்று போட்டால் எங்கள் மலைக்கும் பொருந்தும்" என்கிறார் அவர். இலக்கிய விமர்சகர்கள் யாரும் இதைவிடச் சுருக்கமாகச் சொன்னதாக எங்களுக்கு ஞாபகமில்லை.

மூத்தவர்கள் பலர் இப்போதைய புத்தகத்தைச் சொல்லத் தொடங்கிப் பழைய நாட்களுக்குப் போய்விட்டார்கள். அதுவும் நல்லதாகவே போயிற்று. லயத்து வாசலில் விளக்கை வைத்து, எழுத்துத் தெரிந்த ஒருவர் 'அல்லி அரசாணி மாலை'யையோ 'நல்லதங்காள்' கதையையோ பெரிய எழுத்துப் புத்தகத்தில் இராகம் போட்டு வாசிக்க, சுற்றியிருந்தவர்கள் கேட்ட காலத்தை எழுதினார்கள். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடிய பாடல்களை 1940இல் சிறு நூலாக அச்சிட்டார். அப்படி அச்சான பாட்டை ஒருவர் வாசித்துப் பாடினால் ஒரு லயமே மனனம் செய்துவிடும். வாசிப்பு என்பது தனியே மூலையில் இருந்து செய்வது என்று நாம் நினைக்கிறோம். நம் பாட்டிமாருக்கு அது பலர் கூடிச் செய்த காரியம்.

1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தையும் சிலர் நினைவுகூர்ந்தார்கள். கல்கி இதழிலிருந்து கிழித்துக் கட்டிய 'பொன்னியின் செல்வன்' கைமாறிக் கைமாறி, கடைசிப் பக்கங்கள் இல்லாமலே சுற்றியதாம். முடிவைத் தெரிந்துகொள்ள ஒருவர் பல வருடம் காத்திருந்தாராம்! அதே காலத்தில்தான் வீரகேசரிப் பிரசுரங்கள் நம் கைக்கு வந்தன. 1974இல் வந்த தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' அவற்றில் ஒன்று. நம்மைப் போன்றவர்கள் நாவலில் வரலாம் என்பதை அந்தப் புத்தகத்தில்தான் அறிந்ததாக மூவர் எழுதியிருக்கிறார்கள்.

இனி, எங்களை யோசிக்க வைத்த பதில்களுக்கு வருகிறோம்.

இளைய தங்கை ஒருத்தி சிங்களத்தில் எழுதியிருந்தாள். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடோல் தூவ'வைத் தன் மகனுடன் வாசிக்கிறாளாம். அருமையான புத்தகம். அவருடைய 'கம்பெரலிய'வை எம். எம். உவைஸ் 'கிராமப் பிறழ்வு' என்று தமிழில் தந்ததையும் நம்மில் பலர் வாசித்திருக்கிறோம். சிங்களத்தில் வாசிப்பது நமக்கு ஒரு செல்வம். ஆனால் அவள் கடிதத்தின் கடைசியில் இப்படி இருந்தது: "தமிழ்ப் புத்தகத்தின் பெயரை எழுதத்தான் ஆசை. மகனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. எனக்கும் மெதுவாகத்தான் வருகிறது."

அவளைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. சப்ரகமுவவில் தமிழ்மொழியில் உயர்தரம் வரை படிக்க எத்தனை பிள்ளைகள் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்பதும், பக்கத்தில் இருக்கும் சிங்களப் பாடசாலையைப் பெற்றோர் ஏன் தேர்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளை பாக்கியசாலி. ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கிய பிள்ளை, பாட்டியின் கடிதத்தைப் பிறரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

வேறு பலர் "ஒன்றும் வாசிக்கவில்லை" என்று ஒரே வரியில் எழுதியிருந்தார்கள். சிலர் வெட்கத்தோடு, சிலர் கோபத்தோடு. "கண்ணாடி மாற்றக் காசில்லை" என்றார் ஒருவர். "புத்தகம் எங்கே இருக்கிறது, வாசிக்க?" என்று திருப்பிக் கேட்டார் இன்னொருவர். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஆகவே அதற்கு இன்று உங்களிடம் பதில் கேட்கிறோம்.

ஒவ்வொருவரும் ஒரு புத்தகம் அனுப்புங்கள். வீட்டில் இடத்தை அடைக்கும் பழையதை அல்ல. இப்போது நீங்கள் விரும்பி வாசித்துக்கொண்டிருப்பதை, வாசித்து முடித்ததும் அனுப்புங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயரையும் படித்த ஆண்டையும், ஏன் பிடித்தது என்று இரண்டு வரியையும் எழுதுங்கள். அவற்றைப் பெட்டிகளில் வைத்துத் தோட்டம் தோட்டமாக மாதம் ஒரு முறை மாற்ற எங்கள் குழு பொறுப்பேற்கிறது. நம் ஊர் மழையில் புத்தகம் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளம் வந்தால் என்னவாகும் என்பதை 2003இலும் 2017இலும் கண்டோம். ஆகவே மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளையே வாங்குகிறோம். தூரத்தில் இருப்பவர்கள் தபாற்செலவுக்கு அஞ்ச வேண்டாம். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாக இருக்கின்றன. பிள்ளைகளுக்கு எதை வாசிக்கலாம் என்று பெயர் எழுதி அனுப்பினாலே போதும்.

வாரம் ஒரு நாள் மாலையில், பெட்டி இருக்கும் தோட்டத்தில் யாராவது ஒருவர் சத்தமாக வாசிப்பார். கண்ணாடி இல்லாதவர்களும், எழுத்து மறந்தவர்களும், அந்தத் தங்கையின் மகனும் வந்து கேட்கலாம். முதல் வாசிப்புக்கு 'ஒரு கூடைக் கொழுந்து' புத்தகத்தைத் தருவதாக நம் பால்வெட்டும் அக்கா ஒத்துக்கொண்டிருக்கிறார். மழை பெய்தால் அவரே வந்து வாசிப்பார்.

கேள்வி அடுத்த ஆண்டும் உங்களுக்கு வரும்.