சிவப்பு மருந்தும் இருதயமும்
(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



புற்றுநோய் வார்டில் நாங்கள் ஜெபிக்கப் போகும்போது, சலைன் குழாய் வழியே ரத்தச் சிவப்பான ஒரு மருந்து ஏறுவதைக் காண்கிறோம். அதன் பெயர் டாக்ஸோரூபிசின். பழைய டாக்டர்கள் ஏட்ரியாட்டிக் கடலின் பெயரால் அட்ரியாமைசின் என்பார்கள். இத்தாலியில் கேஸ்டல் டெல் மான்டே என்ற கோட்டைக்கு அருகே எடுத்த மண்ணில் இருந்த நுண்ணுயிரின் வழியாய் வந்த மருந்து. (இதை ஏற்றியபின் சிறுநீர் ஓரிரு நாள் சிவந்து போகும். அது ரத்தமல்ல என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.) மார்பகப் புற்று, ரத்தப் புற்று, பிள்ளைகளின் எலும்புப் புற்று என்று எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்தது இது. வேண்டாம் என்று தள்ள முடியாது.

ஆனால் இது இருதயத்தைத் தாக்குகிறது. ஓய்வின்றி உழைக்கும் அந்தத் தசையின் செல்களுக்குள் சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருக்கமாய் இருக்கின்றன. மருந்து அங்கே போய் இரும்புச் சத்தோடு சேரும்போது, ஃப்ரீ ராடிக்கல் என்னும் கட்டுக்கடங்காத அணுக்கூட்டங்கள் பிறந்து செல்லை அரிக்கின்றன. அவற்றைத் தணிக்கும் என்சைம்கள் ஈரலில் ஏராளம், இருதயத்திலோ குறைவு. இதோடு, இருதய செல்லிலுள்ள ஒரு புரதத்தை மருந்து பிடித்துக்கொள்வதும் பெரிய காரணம் என்று 2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள்.

இதை அரைகுறையாய்க் கேள்விப்பட்ட உறவினர்கள், "ஐயா, ஃப்ரீ ராடிக்கலுக்கு மாத்திரை விற்கிறார்களாமே, வாங்கட்டுமா?" என்று எங்களிடம் கேட்கிறார்கள். வைட்டமின் ஈ 1970களில் சுண்டெலிகளில் பலன் தந்தது உண்மைதான். மனிதரில் அது இருதயத்தைக் காக்கவில்லை. நகையை அடகு வைத்து டப்பா டப்பாவாய் வாங்கி வருகிறவர்களைப் பார்த்தால் எங்களுக்கு வயிறு எரிகிறது. டாக்டரிடம் கேளாமல் கொடுக்காதீர்கள் என்று மன்றாடுகிறோம்.

உண்மையில் காப்பது எது? முதலாவது, கணக்கு. 2003இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஆயுசில் பெற்ற மொத்த மருந்து, உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 400 மில்லிகிராம் ஆகும்போது நூற்றில் 5 பேருக்கு இருதயம் தளர்ந்தது; 550 ஆகும்போது 26 பேருக்கு; 700 ஆகும்போது 48 பேருக்கு. ஆகவே டாக்டர்கள் ஒவ்வொரு தவணையையும் கூட்டிக்கொண்டே வருகிறார்கள், இடையிடையே எக்கோ எடுத்துப் பார்க்கிறார்கள். எக்கோவுக்குக் காசில்லாத குடும்பத்துக்கு உங்கள் காணிக்கை போய்ச் சேருவது இங்கேதான்.

அடுத்து, டெக்ஸ்ராசோக்ஸேன் என்ற ஊசி மருந்து. சிவப்பு மருந்துக்குச் சற்று முன்பு ஏற்றப்படும் இது, இருதய செல்லுக்குள் போய் அந்த இரும்பைப் பிடித்துக் கட்டுகிறது. மேலே சொன்ன புரதத்தையும் காக்கிறது. அமெரிக்காவில் 1995இல் அங்கீகாரம் பெற்றது. எல்லாருக்கும் கொடுப்பதில்லை. புற்றின்மேல் சிகிச்சையின் வேகத்தைக் குறைக்குமோ என்ற ஐயத்தால், மார்பகப் புற்று பரவிய பெண்களுக்கு 300 மில்லிகிராமைத் தொட்ட பிறகே அங்கே அனுமதித்தார்கள். பிள்ளைகளுக்கு வேறொரு புற்று வருமோ என்று அஞ்சி ஐரோப்பாவில் 2011இல் தடுத்தார்கள். அதிக அளவு மருந்து தேவைப்படும் பிள்ளைகளுக்கு மட்டும் 2017இல் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். இந்த நிதானம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

இருதயத்தின் பலவீனம் பல வருஷம் கழித்தும் தலைகாட்டலாம். சிறு வயதில் இம்மருந்தைப் பெற்ற பெண்பிள்ளை வளர்ந்து பிரசவத்துக்குப் போகும்போது, அந்த ஊர் டாக்டருக்கு மொத்த அளவு தெரிய வேண்டும். அதனால் வீடு திரும்பும் நாளில், "அந்த எண் எழுதின காகிதம் வாங்கினீர்களா?" என்று தாய்மாரைக் கேட்டு, ஞானஸ்நான சர்டிபிகேட்டோடு பத்திரமாய் வைக்கச் சொல்லி அனுப்புகிறோம்.