கார் கடையில் பந்தி வஞ்சனை

2022ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கர்நாடகத்தின் துமகூருவில் ஒரு விவசாயி, பொலேரோ பிக்கப் வண்டி வாங்குவதற்காக நண்பர்களுடன் மகிந்திரா ஷோரூமுக்குப் போனார். அவர் உடுத்தியிருந்ததைப் பார்த்த விற்பனையாளர், பையில் பத்து ரூபாய்கூட இருக்காது, பத்து லட்சம் ரூபாய் வண்டியைக் கேட்க வந்துவிட்டாயா என்ற பொருளில் பேசி அனுப்பிவிட்டதாகச் செய்தி வந்தது. பணத்தோடு வந்தால் இன்றைக்கே வண்டி தருவாயா என்று சவால் விட்ட அவர், சிறிது நேரத்திலேயே பத்து லட்சம் ரொக்கத்துடன் திரும்பி வந்தார். அன்றைக்கே வண்டியைக் கொடுக்க ஷோரூமால் முடியவில்லை. வாக்குவாதம் முற்றி, கடைசியில் மன்னிப்புக் கேட்டார்கள். மனிதரின் கண்ணியத்தைக் காப்பது தங்கள் நிறுவனத்தின் அடிப்படைக் கொள்கை என்று மகிந்திரா குழுமத் தலைவர் ஆனந்த் மகிந்திராவே எழுதினார். நாடே இதை விவசாயியின் வெற்றியாகக் கொண்டாடியது. அந்த மகிழ்ச்சியில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரு மணி நேரத்தில் பத்து லட்சம் திரட்ட முடியாதவர் எத்தனையோ பேர் இதே சொல்லைக் கேட்டுவிட்டுத் தலை குனிந்து படியிறங்கியிருப்பார்கள். அவர்கள் கதை செய்தியாகவில்லை. அந்த அவமானம் வாசலோடு முடிந்துவிடுவதும் இல்லை. வண்டியின் விலைக்குள்ளும் அது நுழைகிறது. இன்று அதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

கடலூர், நெய்வேலி, வடலூர், சிதம்பரம் என்று நீளும் நம் பகுதியில் கார் வாங்க வருகிறவர்கள் யார்? பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வைத்திருப்பவர், நெய்வேலிச் சுரங்கத் தொழிலாளி, காட்டுமன்னார்கோவிலில் நெல் பயிரிடுபவர், வெளிநாட்டுச் சம்பளத்தில் வீட்டை நிமிர்த்திய பரங்கிப்பேட்டைக் குடும்பம், பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் அம்மா. 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்த பிறகு, பரம்பரையிலேயே முதல் காரை வாங்குகிற வீடுகளுக்கும் ஷோரூம் கதவு எட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது. அந்தக் கதவைத் திறந்ததும் இவர்கள் மீது விழுவது ஒரு கணிப்புப் பார்வை. காலில் என்ன செருப்பு, இடுப்பில் கைலியா பேண்டா, வந்தது பஸ்ஸிலா சொந்த வண்டியிலா, கூட வந்திருப்பது யார் என்று எல்லாம் அளக்கப்படுகிறது. "லோனா சார், கேஷா?" என்ற முதல் கேள்வி உபசாரம்போல ஒலித்தாலும் அதுவும் அளவுகோல்தான். சம்பாதிப்பவரும் ஓட்டப்போகிறவரும் பெண்ணாக இருந்தாலும், பேச்சு பக்கத்தில் நிற்கும் ஆணிடமே போகிறது. கணிப்பில் தேறாதவரை யாரும் கண்டுகொள்வதில்லை. தேறியவருக்குக் குளிர்ந்த அறை, ஜூஸ், வாய் நிறைய சார். இகழ்ச்சியும் இனிப்பும் ஒரே கணிப்பின் இரண்டு முடிவுகள். 1867இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையில் சாதி, மதம், ஊர் கேட்காமல் சோறு போடுகிற ஊர் வடலூர். பந்தியில் ஒருவருக்கு நெய்யும் மற்றவருக்கு வெறும் சோறும் வைப்பதைப் பொறுக்காத நாம், வாழ்நாள் சேமிப்பைக் கொட்டும் இடத்தில் மட்டும் பந்தி வஞ்சனையை வியாபாரத் தந்திரம் என்று ஏற்றுக்கொள்கிறோம்.

இந்தக் கணிப்பு பணமாக மாறுவதை அமெரிக்காவில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். சட்டப் பேராசிரியர் இயன் அயர்ஸ் 1991இல் ஓர் ஆய்வையும், பீட்டர் சீகல்மனுடன் சேர்ந்து 1995இல் இன்னும் பெரிய ஆய்வொன்றையும் வெளியிட்டார். சிகாகோ பகுதியில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட டீலர்களிடம், பயிற்சி பெற்ற ஆட்கள் கார் வாங்குபவர்போல அனுப்பப்பட்டனர். வெள்ளை இன ஆண், வெள்ளை இனப் பெண், கறுப்பின ஆண், கறுப்பினப் பெண் என எல்லோரும் ஒரே மாதிரி உடுத்தி, ஒரே மாதிரி பேரம் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. அப்படியிருந்தும் ஒரே ரகக் காருக்குக் கறுப்பின ஆண்களிடம் சொன்ன இறுதி விலை, வெள்ளை ஆண்களிடம் சொன்னதைவிட ஆயிரம் டாலருக்கும் மேல் அதிகமாக இருந்தது. விற்பவரும் கறுப்பினத்தவராக இருந்தபோதுகூட இந்த வேறுபாடு மாறவில்லை. வெறுப்பு மட்டுமே காரணமென்றால் அப்படி நடந்திருக்காது. அயர்ஸ் சொல்லும் விளக்கங்களில் ஒன்றை நாமும் யோசிக்க வேண்டும். டீலரின் லாபத்தில் பெரும்பங்கு ஒருசில விற்பனைகளிலிருந்து வருகிறது. ஆகவே விவரம் தெரியாமல் அதிகம் கொடுத்துவிடக்கூடிய அந்த ஒருசிலரைத் தேடிப் பிடிப்பதே விற்பவரின் வேலையாகிவிடுகிறது. ஏழையாகத் தெரிகிறவருக்கு இரக்கப்பட்டு விலை குறையும் என்று எண்ணினால் அது தவறு. ஏழையாகத் தெரிகிறவர் விவரம் தெரியாதவராகவும் கணிக்கப்படுகிறார்.

காரின் ஷோரூம் விலைதான் நம் நாட்டில் ஊரறிந்ததாயிற்றே, அதில் எப்படி ஆளுக்கு ஆள் மாறும் என்று நீங்கள் கேட்கலாம். மாறுவது அதைச் சுற்றியுள்ளவை. சாலை வரியில் யாரும் கை வைக்க முடியாது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் அது காரின் விலைக்கேற்ப 12 முதல் 20 சதவீதம் வரை என்று அரசு வகுத்திருக்கிறது. இன்சூரன்ஸ் அப்படியில்லை. மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2018 செப்டம்பரிலிருந்து புதிய காருக்கு அதை மூன்றாண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். ஆனால் எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது வாங்குபவரின் உரிமை. டீலர் வழியே விற்கும் காப்பீட்டுக்கு ஒழுங்குமுறை ஆணையம் 2017 நவம்பரில் நடைமுறைப்படுத்திய விதிகளும், வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது என்றே சொல்கின்றன. இதைத் தெரிந்து கேட்கிறவரிடம் பிரீமியம் சில ஆயிரம் இறங்குகிறது. தெரியாதவரிடம், இங்கேதான் சார் எடுக்கணும் என்ற ஒற்றை வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சீட் கவர், மிதியடி, கூடுதல் வாரண்டி, பழைய வண்டியின் எக்ஸ்சேஞ்ச் மதிப்பு, கடன் வட்டி ஆகியவற்றிலும் இதே கதை. இன்னொன்றும் இருக்கிறது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவீதம் வருமான வரி முன்கூட்டியே பிடிக்கப்படுகிறது. அது வாங்குபவரின் பான் கணக்கில் சேரும் பணம். வரி கட்டவேண்டியிராத விவசாயி கணக்குத் தாக்கல் செய்தால் அதைத் திரும்பப் பெறலாம். பதினோரு லட்சம் ரூபாய் வண்டியென்றால் பதினோராயிரம் ரூபாய். இதை எடுத்துச் சொல்ல விற்பவருக்கு அரை நிமிடம் போதும். யாரிடம் சொல்கிறார், யாரிடம் சொல்லாமல் விடுகிறார் என்பதிலேயே பந்தி பிரிந்துவிடுகிறது.

விற்பனையாளர் தரப்பு நியாயத்தையும் கேட்க வேண்டும். அவரும் பெரும்பாலும் இதே ஊர்ப் பிள்ளை. சம்பளம் குறைவு, வருமானம் இன்சென்டிவை நம்பி இருக்கிறது, மாதக் கடைசியில் டார்கெட் கழுத்தை நெரிக்கிறது. வருகிறவர்களில் பலர் பார்த்துவிட்டுப் போகிறவர்களே; எல்லோருக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்தால் மாதம் நான்கு வண்டிகூடத் தள்ள முடியாது என்று அவர் சொன்னால் அதில் உண்மை உண்டு. அதனால்தான் அவருடைய குணத்தைத் திருத்தும் பேச்சில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒரு கார் விற்றால் இவ்வளவு, ஷோரூமிலேயே இன்சூரன்ஸ் எடுக்க வைத்தால் இவ்வளவு, கடன் பிடித்துக் கொடுத்தால் இவ்வளவு என்று அவருக்குப் பணம் பிரித்துக் கொடுக்கும் முதலாளிதான் அந்தப் பார்வையை அவருக்குப் பழக்குகிறார். புன்னகைக்கப் பயிற்சி கொடுத்துவிட்டு இந்தக் கணக்கை அப்படியே வைத்திருந்தால், இகழ்ச்சி மறையும், கூடுதல் விலை மறையாது. நேரத்தைக் கணித்துப் பங்கிடுவது வேறு, விலையைக் கணித்து மாற்றுவது வேறு. முதலாவதை நான் மன்னிப்பேன்.

பேரம் நம் மண்ணின் வழக்கம், அதைக் கெடுத்தால் கெட்டிக்காரனுக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் போய்விடும் என்பது அடுத்த மறுப்பு. இதற்கு வலுச் சேர்க்கும் வழக்கு ஒன்றும் இருக்கிறது. மாருதி சுசுகி தன் டீலர்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தள்ளுபடி தரக் கூடாதென்று கட்டுப்படுத்தியதாகவும், வாடிக்கையாளர்போல ரகசியமாக ஆட்களை அனுப்பிச் சோதித்ததாகவும், மீறியவர்களிடம் அபராதம் வாங்கியதாகவும் இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்டில் முடிவு செய்து 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்து இடைக்காலத் தடை பெற்றது. எல்லா டீலரும் ஒரே விலை சொல்ல வேண்டுமென்று மேலிருந்து கட்டுப்படுத்தினால் வாங்குபவருக்கே நட்டம் என்பது ஆணையத்தின் பார்வை. நானும் அதை ஏற்கிறேன். கடலூர் டீலரும் சிதம்பரம் டீலரும் விலையில் மோதிக்கொள்ளட்டும், அது நமக்கு நல்லது. நான் கேட்பது வேறு. ஒரே டீலர், ஒரே நாளில், ஒரே காருக்கு, முகத்தைப் பார்த்து இரண்டு விலை சொல்லக் கூடாது. பேரத்தில் வெல்கிற கெட்டிக்காரனின் தள்ளுபடிக்கு அதே கடையில் பேசத் தெரியாத இன்னொருவர் பணம் கட்டுகிறார் என்பதையும் மறக்க வேண்டாம். காய்கறிச் சந்தையில் நாம் தினமும் வாங்குகிறோம், நேற்று ஏமாந்ததை இன்று சரிசெய்துகொள்கிறோம். கார் பத்து வருடத்துக்கு ஒரு முறை. விற்பவர் அந்தப் பேரத்தை மாதம் முழுக்க நடத்திப் பழகியவர்.

எழுதி ஒட்டிய விலை போதுமா என்றால், போதாது. அமெரிக்காவில் 1958இலேயே சட்டம் போட்டு, புதிய கார் ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் நிறுவனத்தின் விலைச்சீட்டை ஒட்ட வைத்தார்கள். சிகாகோ ஆய்வு நடந்தபோதும் அந்தச் சீட்டு ஒட்டியே இருந்தது. சீட்டிலிருந்து யாருக்கு எவ்வளவு குறைப்பது என்பதில்தான் வேறுபாடு புகுந்தது. பயன் தந்தது வேறொன்று. 2003இல் பியோனா ஸ்காட் மார்ட்டனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையின்படி, ஷோரூமுக்கு நேரில் சென்ற கறுப்பின, ஹிஸ்பானிய மக்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 2 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தார்கள். இணையச் சேவை வழியே விலை கேட்டு வாங்கியவர்களிடம் அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி காணாமல் போனது. முகம் தெரியாமல் எழுத்தில் கேட்டார்கள், எழுத்தில் பதில் வந்தது. நம் நாட்டிலும் இது நடக்காத காரியமில்லை. மெர்சிடிஸ் பென்ஸ் 2021 அக்டோபரிலிருந்து இந்தியா முழுக்க ஒரே விலை என்று நேரடி விற்பனைக்கு மாறியது. அரைக் கோடிக்குக் கார் வாங்குகிறவருக்குக் கிடைத்த அந்த நிம்மதி, ஆறு லட்சத்துக்கு முதல் கார் வாங்கும் நெய்வேலித் தொழிலாளிக்கு இன்னும் கிடைக்கவில்லை. அவருக்குத்தான் அது அதிகம் தேவை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இருநூறு ரூபாய்தான். 1915 என்ற எண்ணில் தேசிய உதவி மையமும் இருக்கிறது. ஆனால் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நுகர்வோர் என்றால் விலை கொடுத்தோ, கொடுப்பதாக ஒப்புக்கொண்டோ வாங்கியவர். வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர் எதையும் வாங்கவில்லை. அவரால் நுகர்வோராக வழக்காட முடியாது. ஆகவே பரிகாரம் வாங்குவதற்கு முன்பே கைக்கு வர வேண்டும். இதற்கு ஒரு நல்ல மாதிரியும் நம்மிடம் உண்டு. ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரிலிருந்து, கடன் வாங்குகிற சாதாரண மனிதர் ஒவ்வொருவருக்கும் உண்மையான வட்டியையும் எல்லாக் கட்டணங்களையும் காட்டும் முக்கிய விவரத் தாளை, அவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டுமென்று விதித்திருக்கிறது. காருக்காக வாங்கும் கடனுக்கு அந்தத் தாள் உண்டு, காருக்கு இல்லை. ஷோரூமில் கால் வைத்துக் கேட்கும் எவருக்கும் அப்படி ஒரு தாளைத் தமிழில், முத்திரையிட்டு, தேதியோடு தருவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். அன்றைய தள்ளுபடி, சாலை வரி, பிடிக்கப்படும் வருமான வரி, டீலர் சொல்லும் பிரீமியம், வெளியே எடுத்துக்கொள்ளலாம் என்ற ஒரு வரி, வேண்டாமென்று விடக்கூடிய பொருள்களின் தனிப்பட்டியல், புக்கிங்கை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பது, கார் தயாரான மாதமும் ஆண்டும் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதுவரை நாமே கேட்டு வாங்கலாம். போகும் முன்னரே கடலூரில் ஒன்று, சிதம்பரத்தில் ஒன்று, விழுப்புரத்தில் ஒன்று என்று மூன்று டீலர்களிடம் வாட்ஸ்அப்பில் முழு ஆன்ரோடு கொட்டேஷன் கேளுங்கள். எழுதத் தெரியாத பெரியவர் வீட்டில் இருந்தால், பிள்ளைகளோ பக்கத்து வீட்டுக்காரரோ அவர் பெயரில் கேட்டுக் கொடுங்கள். எழுத்தில் தர மறுக்கும் ஷோரூமில் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.