கணக்கைக் காட்டச் சொல்லும் உரிமை



தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சம்பள நாளில் கைக்கு வந்த பணம் குறைந்திருந்தால், நாம் கிராணியாரிடம் போய், "ஐயா, செக்ரோலைக் கொஞ்சம் பாருங்கள். என் பேருக்கு எத்தனை நாள் விழுந்திருக்கிறது?" என்று கேட்போம். கிராணியார் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனாலும் புத்தகத்தைத் திறந்து பார்த்தால்தான் நம் மனம் ஆறும்.

இன்று நாம் பேசப் போவதும் அப்படிப்பட்ட ஒரு புத்தகத்தைப் பற்றித்தான். அது அரசாங்கத்தின் கையில் இருப்பது. உணவுப் பொருள்களைச் செய்து விற்கும் கம்பெனிகள் அரசாங்க அதிகாரிகளைச் சந்தித்து என்ன பேசின, என்ன கடிதம் எழுதின என்ற விவரங்கள் அதில் அடங்கியிருக்கும். அதைப் பார்க்கப் பொதுமக்களுக்கு உரிமை உண்டா என்பதே கேள்வி.

"இது பெரிய இடத்து விவகாரம், நமக்கென்ன?" என்று சிலர் நினைக்கலாம். சற்று யோசித்துப் பாருங்கள். நம் குடும்பங்களில் இனிப்புநீர் வியாதி புகாத வீடு அரிதாகி வருகிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு சீனி சேர்க்கலாம் என்று கிளினிக்கில் நமக்குச் சொல்கிறார்கள். அந்த அளவை நிர்ணயிப்பவர்கள் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்த அறையில் சீனித் தண்ணீர் விற்பவரும் உட்கார்ந்திருந்தால், அது நமக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். அந்நாட்டில் தகவல் சுதந்திரச் சட்டம் என்று ஒரு சட்டம் இருக்கிறது. 1966 ஜூலை 4ஆம் நாள் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அதில் கையெழுத்திட்டார். மத்திய அரசாங்கத்தின் இலாகாக்களிடம் உள்ள பத்திரங்களை யார் வேண்டுமானாலும் அச்சட்டப்படி எழுதிக் கேட்கலாம். பொதுவாக 20 வேலை நாட்களுக்குள் இலாகா தன் முடிவைத் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம்.

அந்நாட்டு மக்களின் சுகாதாரத்தைக் கவனிக்கும் நோய்க் கட்டுப்பாடு, தடுப்பு மையங்களின் தலைமையகம் அட்லாண்டா நகரில் இருக்கிறது. கோக்கோ கோலா கம்பெனியின் தலைமையகமும் அதே அட்லாண்டாவில்தான் இருக்கிறது. ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில் குற்றமில்லை. என்ன பேசினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

2015 மார்ச் மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனம் ஓர் ஆலோசனையை வெளியிட்டது. உணவிலும் பானத்திலும் சேர்க்கும் சீனி, நாம் பெறும் மொத்தச் சக்தியில் 10 சதவிகிதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றும், 5 சதவிகிதத்துக்கும் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்றும் அது கூறியது. அந்த 5 சதவிகிதம் என்பது ஏறக்குறைய 25 கிராம், அதாவது 6 தேக்கரண்டி. அமெரிக்காவில் விற்கும் 355 மில்லி லிட்டர் கோக்கோ கோலா டின் ஒன்றிலேயே 39 கிராம் சீனி இருக்கிறது. அந்த ஆலோசனை யாருக்குக் கசந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

கலிபோர்னியாவில் இருக்கும் ஒரு சிறிய பொதுநலக் குழு, அந்தச் சட்டத்தைக் கொண்டு சுகாதார அதிகாரிகளின் மின்னஞ்சல்களைக் கேட்டு வாங்கியது. 2016 ஜூன் மாதத்தில் அவை வெளியாயின. கோக்கோ கோலாவில் முன்பு உயர் பதவி வகித்த ஒருவர், சீனி விஷயத்தில் உலகச் சுகாதார நிறுவனத்தை எப்படி அணுகுவது என்று யோசனை கேட்டு எழுதியிருந்தார். இருதய நோய்த் தடுப்புப் பிரிவின் தலைமை அதிகாரியே அவருக்கு வழி சொல்லிப் பதில் எழுதியிருந்தார். செய்தி வெளிவந்த அதே மாதத்தில் அவ்வதிகாரி பணியிலிருந்து விலகினார்.

அந்தக் குழு மொத்தம் 10 விண்ணப்பங்கள் அனுப்பியது. அவற்றில் மூன்றுக்கு மட்டும் 295 பக்கங்கள் வந்தன. அவற்றில் 86 மின்னஞ்சல்கள் இருந்தன. ஆராய்ச்சியாளர்கள் அவற்றைப் படித்து 2019 ஜனவரியில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதிகாரிகளோடு நெருக்கத்தை வளர்த்துக்கொள்ளவும், இனிப்புப் பானங்களின் மீதுள்ள பழியை வேறு பக்கம் திருப்பவும் கம்பெனி முயன்றது என்று அதில் எழுதினார்கள். சட்டம் இல்லாதிருந்தால் அந்தக் கடிதங்கள் பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கும்.

சட்டம் இருந்தால் எல்லாம் கிடைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். அதே நாட்டில், வருமானம் குறைந்த குடும்பங்கள் உணவு வாங்க அரசாங்கம் உதவி கொடுக்கிறது. அந்த உதவிப் பணத்தில் எந்தக் கடைக்கு ஆண்டுதோறும் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று, 'ஆர்கஸ் லீடர்' என்னும் பத்திரிகை 2011இல் விவசாய இலாகாவைக் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. மளிகைக் கடைகளின் சங்கம் எதிர்த்து வாதாடியது. கடைக்காரர்கள் தாங்களும் வெளியே சொல்லாமல், இரகசியமாக வைக்கப்படும் என்ற உறுதியின் பேரில் அரசாங்கத்திடம் கொடுத்த வியாபாரக் கணக்கை வெளியிட வேண்டியதில்லை என்று 2019 ஜூனில் தீர்ப்பாயிற்று. பணம் மக்களுடையது, கணக்கு மட்டும் கடைக்காரருடையதாகிவிட்டது. தொழில் இரகசியம் என்னும் திரைக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதை இது நமக்குக் காட்டுகிறது.

அரசாங்கம் கம்பெனிகளோடு பேசவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. டின்னில் ஒட்டும் லேபிளில் என்ன எழுத வேண்டும், எந்தச் சாயத்தை எவ்வளவு சேர்க்கலாம் என்று சட்டம் செய்யும்போது, செய்கிறவர்களைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் செய்கிறவருக்கு அறைக்குள் இடம் இருக்கும்போது, சாப்பிடுகிறவருக்கு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும்.

நம் நாட்டு நிலையையும் சொல்லிவிடுகிறோம். 1972ஆம் ஆண்டின் அரசாங்க இரகசியச் சட்டத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மறுபுறம், பினாங்கு மாநிலச் சட்டமன்றமும் சிலாங்கூர் மாநிலச் சட்டமன்றமும் தகவல் சுதந்திரச் சட்டங்களை நிறைவேற்றின. அவை மாநில இலாகாக்களின் பத்திரங்களுக்கு மட்டுமே பொருந்தும். உணவுச் சட்டமும் லேபிள் விதிகளும் மத்தியச் சுகாதார அமைச்சின் பொறுப்பு. ஆகவே எதை எந்த அலுவலகத்தில் கேட்பது என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

கேட்கும் முறையும் முக்கியம். "எல்லாவற்றையும் காட்டுங்கள்" என்று எழுதினால், கேட்பது மிகப் பரந்தது என்று திருப்பி அனுப்பிவிடலாம். எந்த இலாகா, எந்தப் பத்திரம், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று குறித்து எழுதுங்கள். கடிதத்தின் நகல் ஒன்றை வீட்டில் பத்திரமாக வையுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மலாய் மொழியில் எழுதப் பெரியவர்களுக்குச் சிரமமாக இருந்தால், பள்ளியில் படிக்கும் பிள்ளை எழுதித் தரட்டும். அதனால் பிள்ளைக்கும் ஒரு பாடம் கிடைக்கும்.

செக்ரோலைக் காட்டச் சொன்னவரை யாரும் திருடன் என்று சொல்வதில்லை. அது உழைத்தவரின் உரிமை. நம் பிள்ளைகளின் தட்டில் விழும் உணவைப் பற்றிய கணக்கைக் கேட்பதும் அப்படித்தான். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.