இல்லாத காளையின் மேல் ஒரு கை

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். அங்கே ஒரு ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன், நிற்கிறார். திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த சோழர் செப்புத் திருமேனி. ராஜராஜனின் 26-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1011-இல் எழுந்தருளச் செய்தது என்பது திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டிலிருந்து தெரிகிறது.

நான் படம் வரைகிறவன். அவர் முன்னால் உட்கார்ந்து வரைந்த ஒரு காலைப்பொழுதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஒரு காலை ஊன்றி, மறுகாலை அதன் குறுக்கே மாற்றிப் போட்டு நிற்கிறார். சடையே முண்டாசாகத் தலையைச் சுற்றியிருக்கிறது. அதற்குள் பாம்பு நெளிகிறது. ஒரு கை இடுப்போரம் இருக்கிறது. மற்ற கை முழங்கையில் மடங்கி அந்தரத்தில் நிற்கிறது. அதற்குக் கீழே காளை இருந்திருக்க வேண்டும். இப்போது இல்லை.

முதலில் வரைந்தது சரியாக வரவில்லை. முகம் வந்துவிட்டது, முண்டாசின் ஒவ்வொரு சுற்றும் வந்துவிட்டது. ஆனால் ஆள் விறைத்துக்கொண்டு நின்றார். எங்கே தப்பு என்று வெகுநேரம் புரியவில்லை. பிறகு அந்தரத்தில் நிற்கும் அந்தக் கையின் விரல்களை மட்டும் பார்த்தேன். மணிக்கட்டு துவண்டிருக்கிறது, விரல்கள் தாமாகத் தொங்குகின்றன. கையை நாமே தூக்கிப் பிடித்தால் விரல்கள் இப்படித் தளராது, தோளும் இறுகும். இது எதன் மேலோ சாய்த்து வைத்த கை. நான் தூக்கிய கையாக வரைந்து வைத்திருந்தேன்!

இதைச் செய்த ஸ்தபதியை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. மெழுகில் உருப்பிடித்து, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி வார்த்த வேலை இது. கொதிக்கும் உலோகத்தில் ஒரு மணிக்கட்டின் தளர்ச்சியைக் கொண்டுவந்திருக்கிறார். காளை தொலைந்த பிறகும் அதன் முதுகு எவ்வளவு உயரம் என்று அந்தக் கை சொல்லிக்கொண்டிருக்கிறது.

கலைக்கூடத்துக்குப் போகிறவர்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள். ஒரே ஒரு கையை மட்டும் வரைந்து பாருங்கள். கோடு கோணலாக வரட்டும், கண் கற்றுக்கொள்ளும்.

அன்று நான் புதுத்தாள் எடுத்தேன். முழங்கைக்குக் கீழே முதலில் ஒரு காளையை லேசாக வரைந்தேன். அதன்மேல் கையைச் சாய்த்ததும் அவர் நிம்மதியாக நின்றார். பிறகு காளையை ரப்பரால் அழித்தேன். முழுக்கப் போகவில்லை, முதுகின் கோடு மங்கலாகத் தெரிகிறது. அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.