அப்பாவின் பிக்கப்பைக் காற்று ஏன் மறிக்குது?



போன மாதச் சந்திப்பில் நான் கதைத்ததை எழுத்தாகத் தரச் சொல்லியிருந்தீர்கள். மேடையில் அவசரத்தில் சொன்ன கணக்குகளைத் திரும்பவும் போட்டுப் பார்த்து, கொஞ்சம் ஒழுங்குபடுத்தித் தருகிறேன். மற்றும்படி அதே கதைதான்.

அன்றைக்கு நிகழ்ச்சி நிரலைப் பார்த்த ஒரு தோழர் கேட்டார்: "வாடகைப் பிரச்சினை, பஸ் பிரச்சினை எண்டு இவ்வளவு கிடக்கு. நீங்கள் ஏன் பிக்கப்பைப் பற்றிக் கதைக்கப் போறீங்கள்?" நியாயமான கேள்வி. பதிலை எங்கட வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

என்ட அப்பா இருபது வருசத்துக்கு மேலாக ட்றைவோல் வேலை செய்கிறார். பிக்கப் அவருக்கு ஏணியும் சாமானும் கூட வேலை செய்கிற இரண்டு பேரும் ஏறுகிற தொழில் கருவி. பெற்றோல் காசைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போய், மின்சார பிக்கப் ஒன்றுக்கு மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். போன பனிக்காலம், கூட வேலை செய்கிற மாமா ஒருவரின் மின்சார பிக்கப்பை இரவல் வாங்கிக்கொண்டு கிங்ஸ்ரனுக்கு ஒரு வேலைக்குப் போனார். ஸ்காபரோவிலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீற்றர். காலையில் வண்டியின் திரை 400 கிலோமீற்றர் ஓடலாம் என்று காட்டியது. கூரைக்கு மேலே தாங்கி, அதில் இரண்டு ஏணி. வெளியில் மைனஸ் 18. 401 இல் மற்றவர்களோடு சேர்ந்து 120 இல் விட்டார். பெல்வில் வரும்போது திரையில் மிச்சம் 60. சார்ஜரில் ஒரு மணித்தியாலம் நின்றார். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு ஒருவரும் கூலி தரமாட்டார்கள்.

பின்னேரம் எனக்குப் போன் எடுத்தார். "பிள்ளை, நீ காத்தைப் பற்றித்தானே படிக்கிறாய்? உந்தக் கணக்கு எங்க பிழைச்சது எண்டு ஒருக்காச் சொல்லு."

நான் இயந்திரவியலில் முதுகலை செய்கிறேன். வாகனங்களைச் சுற்றிக் காற்று எப்படி ஓடுகிறது என்பதைக் கணினியில் கணக்கிடுவதுதான் என்ட வேலை. இருந்தும், அப்பாவுக்கு ஒழுங்கான பதில் சொல்ல எனக்கு ஒரு கிழமை எடுத்தது. அந்தப் பதிலைத்தான் உங்களோடும் பகிர்கிறேன்.

குளிரில் பற்றரி சோம்பும், ஹீற்றரும் மின்சாரம் குடிக்கும். இது பலருக்கும் தெரியும். காற்றின் பங்கைப் பற்றித்தான் ஆட்கள் பெரிதாகக் கதைப்பதில்லை.

காற்றுத்தடையை நான்கு விசயம் தீர்மானிக்கிறது: காற்றின் அடர்த்தி, வண்டியின் முன்பக்கப் பரப்பு, அதன் வடிவம், வேகம். வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். திருப்பிப் பார்த்தால், 120 இல் போகிற இடத்தில் 100 இல் போனால், அதே தூரத்துக்குக் காற்றோடு மல்லுக்கட்டச் செலவாகும் சக்தி 30 சதவீதம் குறையும். கிங்ஸ்ரனுக்கு 24 நிமிடம் பிந்திப் போயிருப்பார். சார்ஜரில் நின்ற நேரத்தில் அது பாதிகூட இல்லை.

அடுத்தது அடர்த்தி. குளிர்ந்த காற்று கனமானது. 20 பாகையில் இருக்கிற காற்றைவிட மைனஸ் 18 இல் இருக்கிற காற்று ஏறத்தாழ 15 சதவீதம் அடர்த்தி கூடியது. அதாவது பற்றரிக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும், கனடாவின் பனிக்காலத்தில் அதே வண்டியைக் காற்று 15 சதவீதம் கூடுதலாக மறிக்கும்.

இனி வடிவம். வடிவத்துக்கு ஒரு எண் இருக்கிறது, தடைக் குணகம் என்பார்கள். நல்ல மின்சாரக் கார்களுக்கு அது 0.20 இலிருந்து 0.25 வரை இருக்கும். பிக்கப்களுக்கு 0.40 ஐச் சுற்றி இருப்பது வழமை. ரிவியன் தன்ட பிக்கப்புக்கு 0.30 என்று சொல்கிறது. ஆகவே, பிக்கப் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று தலையில் கைவைக்கத் தேவையில்லை.

பிக்கப்பில் என்ன சிக்கல்? காரின் கூரை பின்பக்கம் மெதுவாகச் சரிந்து இறங்கும், காற்றும் அதோடு ஒட்டிக்கொண்டு இறங்கும். பிக்கப்பின் கூரை சடாரென்று முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் ஒரு திறந்த பெட்டி. அந்தப் பள்ளத்தில் காற்று சுழன்றுகொண்டு கிடக்கும், வண்டியைப் பின்னால் இழுக்கும். எங்கட மாமாமார் சிலர் பின்கதவைத் திறந்துபோட்டு ஓடுவார்கள், காற்று நேராகப் போய்விடும் என்ற நம்பிக்கையில். அது பிழை. கதவு பூட்டியிருந்தால் பெட்டிக்குள் சுழலும் காற்றே ஒரு மெத்தை மாதிரிக் கிடக்கும். கூரையிலிருந்து வருகிற காற்று அதற்கு மேலால் வழுக்கிப் போய்விடும். திறந்தால் அந்த மெத்தை குலையும், தடை கூடும். ஒட்டாவாவில் இருக்கிற தேசிய ஆராய்ச்சிச் சபையின் பெரிய காற்றுச் சுரங்கத்தில் சோதித்து, பின்கதவைப் பூட்டியே வையுங்கள் என்று 2004 இலேயே எழுதிவிட்டார்கள். பெட்டிக்கு மேலே தட்டையான மூடி போட்டால் தடை இன்னும் குறையும்.

வேறும் இருக்கிறது. வண்டியின் அடிப்பக்கத்தைத் தட்டையாக மூடுவது, சக்கரங்களின் வெளிப்பக்கத்தை மழுக்குவது, ஹைவேயில் வண்டியை ஒரு சில சென்ரிமீற்றர் பணிய விடுவது, முன்மூக்கின் மூலைகளை உருட்டுவது. ஒவ்வொன்றும் தனியே சின்ன மாற்றம். சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு மாறும்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முன்பரப்பு 3.3 சதுர மீற்றர், தடைக் குணகம் 0.40 உள்ள ஒரு பிக்கப்பை எடுங்கள். 110 இல் 100 கிலோமீற்றர் ஓட, காற்றை விலத்துவதற்கு மட்டும் 20 கிலோவாட் மணிக்குக் கொஞ்சம் மேலே செலவாகும். குணகத்தை 0.32 ஆக்கினால் அது 16 ஆகும். 400 கிலோமீற்றர் ஓட்டத்துக்கு 16 கிலோவாட் மணி மிச்சம். மோட்டர் இழப்புகளையும் சேர்த்தால் 18 என்று வையுங்கள். 2024 இல் உலகச் சந்தையில் பற்றரிப் பொதியின் சராசரி விலை கிலோவாட் மணிக்கு ஏறத்தாழ 115 அமெரிக்க டொலர். ஆகவே வெறும் வடிவத்தால் 2,000 டொலர் பெறுமதியான பற்றரி தேவையில்லாமல் போகிறது. நூறு கிலோவுக்கு மேல் எடையும் குறைகிறது. அந்த அளவு லிதியத்துக்காக சிலியின் அட்டகாமா உப்பு வெளியில் தண்ணீரை உறிஞ்சவும் தேவையில்லை. எங்கட கூட்டங்களில் கொங்கோவின் கோபால்ட் சுரங்கங்களைப் பற்றி எத்தனை தரம் கதைத்திருக்கிறோம்! அந்தச் சுரங்கத்தில் விழுகிற சுமையில் ஒரு பங்கு இங்கே வண்டி வரைகிற மேசையில்தான் தீர்மானிக்கப்படுகிறது.

ஆனால் கம்பனிகள் முதலில் தேர்ந்தெடுத்த வழி வேறு: வடிவத்தை அப்படியே விட்டுவிட்டு, பற்றரியைப் பெருப்பிப்பது. எஃப்-150 லைட்னிங்கின் பெரிய பற்றரி 131 கிலோவாட் மணி. சில்வராடோ மின்வண்டியின் பெரிய பற்றரி 200 ஐத் தாண்டும். ஹம்மர் மின்வண்டியின் எடை 4,000 கிலோவுக்கு மேல், அதில் பற்றரி மட்டும் 1,300 கிலோ. அந்தப் பற்றரி ஒரு ஹொண்டா சிவிக் காரின் எடைக்குக் கிட்ட வருகிறது என்று 2023 ஜனவரியில் எச்சரித்தவர் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் தலைவர் ஜெனிஃபர் ஹோமண்டி. ஒருவர் ஏறி வேலைக்குப் போக, தரைக்குக் கீழே இன்னொரு காரின் எடையைக் காவிக்கொண்டு போகிறோம்.

இப்போது காற்று கொஞ்சம் திசை மாறியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் ஃபோர்ட் ஒரு நடுத்தர மின்சார பிக்கப்பை அறிவித்தது: 2027 இல், ஏறத்தாழ 30,000 அமெரிக்க டொலருக்கு, லிதியம்-இரும்பு-பொஸ்பேற் பற்றரியோடு. அந்த வகைப் பற்றரியில் நிக்கலும் இல்லை, கோபால்ட்டும் இல்லை. மலிவு. ஆனால் அதே எடைக்குள் அடங்கும் சக்தி குறைவு. அதனால் மிச்சத் தூரத்தை வடிவம்தான் தர வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் லைட்னிங்கை நிறுத்துவதாகவும் அறிவித்தார்கள். பெரிய பற்றரி வழி கட்டவில்லை என்று கம்பனியின் கணக்குப் புத்தகமே சொல்லிவிட்டது.

2004 இலேயே காற்றுச் சுரங்கத்தில் தெரிந்த விசயங்கள் ஏன் இவ்வளவு காலம் வண்டியில் ஏறவில்லை? இந்த இடத்தில்தான் இது எங்கட பிரச்சினையாகிறது.

அமெரிக்கா 1964 இலிருந்து இறக்குமதிச் சிறு ட்றக்குகளுக்கு 25 சதவீத வரி போடுகிறது. ஐரோப்பா அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக வந்தது என்பதால் அதற்குக் கோழி வரி என்றே பெயர். அதன் நிழலில் உள்ளூர்க் கம்பனிகளுக்குப் பிக்கப் கொழுத்த லாபம் தரும் பொருளாகியது. பிறகு எரிபொருள் விதிகள் வந்தபோது, வண்டியின் நான்கு சக்கரங்களுக்குள் அடங்கும் பரப்பை வைத்து இலக்கு நிர்ணயித்தார்கள். பெரிய வண்டிக்கு இளக்கமான இலக்கு. பிறகு யார் சின்ன வண்டி செய்வார்கள்? உயர்ந்த, சுவர் மாதிரியான முன்முகம் "பலம்" என்று விளம்பரத்தில் விற்றது.

அந்த முகத்துக்கு விலை கொடுப்பது பற்றரி மட்டுமில்லை. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவகம் ஏறத்தாழ 18,000 பாதசாரி விபத்துகளை ஆராய்ந்து 2023 இல் வெளியிட்ட முடிவு: முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள், 30 அங்குலத்துக்குள் சரிவான மூக்குள்ள வண்டிகளைவிட, மோதப்பட்டவரைக் கொல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் கூட. பாதசாரியின் தலையைக் காப்பாற்றும் வகையில் முன்மூடி இருக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 2024 செப்டெம்பரில்தான் வரைவாகவே முன்வைக்கப்பட்டது. அம்மம்மா எக்ளிங்டன் வீதியைக் கடக்கும்போது எதிரே நிற்கிற அந்தச் சுவரும், அப்பாவைப் பெல்விலில் மறித்த சுவரும் ஒன்றுதான். மூக்கைத் தாழ்த்திச் சரித்தால் இரண்டு பேருக்கும் நல்லது.

"பஸ்தானே முக்கியம்" என்ற தோழருக்கு வருகிறேன். ஓம், பஸ்தான் முக்கியம். 2023 ஜூலையில் ஸ்காபரோ ஆர்.ரி. தடம் புரண்டு, திரும்பி ஓடவே இல்லை. அதை மறந்துவிட்டு எலக்ட்றிக் பிக்கப்புக்குக் கைதட்ட நான் வரவில்லை. ஆனால் ட்றைவோல் பலகையை பஸ்ஸில் ஏத்தேலாது. பொருள் ஏத்துகிற வண்டி எந்தச் சமூகத்திலும் தேவை. அது எப்படி இருக்க வேண்டும் என்பதை லாபம் மட்டும் தீர்மானிக்க விடுவதா என்பதே கேள்வி. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: மிச்சப்படுத்திய சக்தியை அப்படியே விட்டால், அடுத்த வருசம் அதே பற்றரியில் இன்னும் பெரிய வண்டி வரும். வரம்பு போடாத சிக்கனம் கம்பனிக்கு லாபமாகத்தான் போய்ச் சேரும்.

அதனால் மூன்று விசயத்தைக் கேட்போம் என்று முன்மொழிகிறேன். ஒன்று, முன்மூடி உயரத்துக்குச் சட்ட வரம்பு. இரண்டு, விற்கிற ஒவ்வொரு மின்சார வண்டியிலும், பனிக்காலத்தில் ஹைவேயில் எவ்வளவு தூரம் ஓடும் என்று தனியாக ஒட்ட வேண்டும். அதைச் சோதிக்க வசதி இல்லை என்று ஒருவரும் சொல்லேலாது. ஒஷாவாவில் இருக்கிற ஒன்ராறியோ ரெக் பல்கலைக்கழகத்தின் காற்றுச் சுரங்கத்தில் மைனஸ் 40 பாகை வரை குளிராக்கலாம். அது பொதுப்பணமும் சேர்ந்து கட்டியது. மூன்று, நகரசபையும் தபால் சேவையும் சின்ன, தாழ்ந்த மூக்குள்ள வேலை வண்டிகளையே வாங்க வேண்டும், அவற்றை இங்கேயே செய்ய வேண்டும். ஜி.எம். 2019 இல் ஒஷாவாவில் கார் உற்பத்தியை நிறுத்தியபோது, ஆலையைப் பொதுவுடைமையாக்கி அரச சேவைகளுக்கு மின்வண்டி செய்யுங்கள் என்று கிறீன் ஜொப்ஸ் ஒஷாவா என்ற தொழிலாளர் இயக்கம் கேட்டது. ஒருவரும் காது கொடுக்கவில்லை. 2021 இல் பெற்றோல் சில்வராடோவோடு திறந்தார்கள். 2025 இல் மூன்றாவது ஷிஃப்டை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அந்தக் கோரிக்கையைத் தூசு தட்டி எடுக்க இதுதான் நேரம்.

அப்பா இன்னும் பெற்றோல் பிக்கப்தான் ஓடுகிறார். பதிலைச் சொன்ன அடுத்த நாளே கூரைத் தாங்கியைக் கழற்றிவிட்டார். தூர வேலைக்கு மட்டும், மடிக்கிற ஏணி ஒன்று பெட்டிக்குள். "இதை முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை" என்றார். முதலே தெரிந்தவர்கள் இருந்தார்கள் அப்பா, உங்களுக்குச் சொல்ல அவர்களுக்கு ஒரு தேவையும் இருக்கவில்லை.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது ஒரு அளவுநாடா கொண்டு வாருங்கள். உங்கட வீட்டு வண்டி, பக்கத்து வீட்டு வண்டி, பிளாசா வாகனத் தரிப்பிடத்தில் நிற்கிற வண்டிகள், எல்லாவற்றினதும் முன்மூடி உயரத்தைத் தரையிலிருந்து அளந்து எழுதுங்கள். பக்கத்தில் உங்கட தம்பி தங்கச்சியின் உயரத்தையும் எழுதுங்கள். அந்தப் பட்டியலோடு நகரசபை உறுப்பினரைப் பார்க்கப் போவோம்.